பெட்டி போய்ச் சாவி வந்தது

"பெட்டி வந்துவிட்டதா?"

தர்மபுரி, அரூர், பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்தில் பிறந்து வளர்ந்த சகோதரிகளுக்கு இந்தக் கேள்வியின் அர்த்தத்தை நான் விளக்க வேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்கள் ஏதோ கல்யாணச் சீர்ப் பெட்டி என்று நினைத்துக்கொள்ளக் கூடும். அதெல்லாம் இல்லை, இது சினிமாப் பெட்டி. தட்டி வைத்தாகிவிட்டது, நோட்டீஸ் வீசியாகிவிட்டது, ஒலிபெருக்கியில் பாட்டுக்கூடப் போட்டாகிவிட்டது. ஆனால் சேலத்திலிருந்து பெட்டி வந்து இறங்கினால்தான் அன்றைக்குப் படம் நிச்சயம்.

ஏன் சேலம் என்கிறீர்களா? சினிமா வியாபாரத்தில் தமிழ்நாட்டைப் பல 'ஏரியா'க்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தர்மபுரி, சேலம் ஏரியாவைச் சேர்ந்தது. 1965-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி சர்க்கார் தர்மபுரியைச் சேலத்திலிருந்து பிரித்துத் தனி ஜில்லாவாக்கியது. 2004-ல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. சர்க்கார் எத்தனை கோடு கிழித்தாலும் சினிமாக்காரர்கள் அசைந்து கொடுக்கவில்லை. அவர்களுக்கு எல்லாமே சேலம் ஏரியாதான்! ஆகவே பெட்டியும் தொப்பூர்க் கணவாய் ஏறித்தான் வந்து சேர வேண்டும்.

பெட்டி என்றால் லேசுப்பட்ட சாமான் அல்ல. அதற்குள்ளே இருப்பது 35 மில்லி மீட்டர் அகலமுள்ள பிலிம் சுருள். திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓட வேண்டும். ஒரு நிமிஷத்துக்கு 90 அடி பிலிம் போய்விடும். இரண்டரை மணி நேரப் படம் ஒன்றைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 13,500 அடி. அதாவது, நாலு கிலோ மீட்டருக்கு மேல்! சுருளைப் பிரித்து ரோட்டில் ஓட விட்டால் ஒரு கிராமத்தைத் தாண்டி அடுத்த கிராமத்துக்குப் போய்விடும். எடையோ முப்பது கிலோவைத் தாண்டும். பஸ்ஸின் கூரையிலிருந்து அதை இறக்குகிற ஆளுக்கு ஊரில் எத்தனை மரியாதை இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா?

இந்தப் பெட்டிக்காகக் காத்திருந்த கொட்டகைகளைப் பெரும்பாலும் குடும்பங்களே நடத்தி வந்தன. அப்படி ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம்; ஊர் காரிமங்கலமாகவும் இருக்கலாம், கம்பைநல்லூராகவும் இருக்கலாம். பெரியவர் லைசென்சுக்காகக் கச்சேரிக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் நடக்கிறார். மூத்த பிள்ளை டிக்கெட் கொடுக்கிறான். இளையவன் மெஷின் ரூமில். இடைவேளைக்கு விற்கிற முறுக்கும் வேர்க்கடலையும் வீட்டு அடுப்பிலிருந்துதான் போகின்றன. ஆட்டம் முடிந்து நடு நிசியில் சில்லறை மூட்டை வீட்டுக்கு வந்தால், அதைத் தரையில் கொட்டி எட்டணா வேறு, நாலணா வேறு என்று பிரித்து எண்ணுவது அந்த வீட்டு அம்மாள். கணக்கு நோட்டில் எழுதுவது பள்ளிக்கூடம் படித்த மருமகள். படத்தில் நடிக்கிறவர் யாராயிருந்தாலும் சரி, அது வசூலானதா இல்லையா என்பது முதலில் தெரிவது இவர்கள் இருவருக்கும்தான்!

இந்தத் தொழிலுக்குத் தமிழ்நாட்டில் பிள்ளையார் சுழி போட்டவர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்த அவர், 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் மெஷினையும் சில பிலிம்களையும் வாங்கினார். வேலையை உதறிவிட்டு, கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார். பிற்பாடு 1914-ல் கோயமுத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டினார் என்பது வேறு கதை. அவர் போட்ட பாதையில் எத்தனையோ 'டூரிங் டாக்கீஸ்'கள் புறப்பட்டன. கரண்டு வராத ஊர்களுக்கும் தங்கள் சொந்த ஆயில் எஞ்சினோடு போய்ச் சேர்ந்தன.

டூரிங் கொட்டகையில் பெரும்பாலும் ஒரே ஒரு மெஷின்தான். ஒரு சுருள் தீர்ந்தால் விளக்கைப் போட்டு அடுத்த சுருளை மாட்ட வேண்டும். அதனால் ஒரு படத்துக்கு மூன்று, நாலு இடைவேளை. இதில் நஷ்டப்பட்டவர் யாருமில்லை. முறுக்குக் கூடைக்கு நாலு தரம் வியாபாரம். கைக்குழந்தைக்காரிகளுக்கு நாலு தரம் ஓய்வு.

அந்தக் கொட்டகையில் பெண்கள் பக்கம் என்று ஒன்று இருந்ததே, அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. நடுவிலே இடுப்புயரத்துக்கு ஒரு குட்டிச் சுவரோ, தட்டியோ. இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். தரை டிக்கெட் என்றால் மணலில் உட்கார வேண்டும். முன்னால் இருப்பவளின் கொண்டை மறைத்தால், கையால் மணலைக் குவித்து அதன் மேல் உட்கார்ந்து விட வேண்டியதுதான். இந்த ஏற்பாட்டைப் பழம் பஞ்சாங்கம் என்று பரிகசிக்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்தத் தட்டி ஒன்று இருந்ததனால்தான் எத்தனையோ வீடுகளில், "பக்கத்து வீட்டு அக்காவோடு போய்விட்டு வருகிறேன்" என்று சொல்ல முடிந்தது. ராத்திரி பத்து மணிக்கு ஐந்தாறு பெண்கள் பேசிக்கொண்டே, யாருடைய துணையும் இல்லாமல் வீடு திரும்பியது அந்தக் கிராமங்களில் வேறு எந்தக் காரியத்துக்காக? கோயில் திருவிழாவைத் தவிர வேறொன்று எனக்குத் தோன்றவில்லை. திருவிழாவோ வருஷத்துக்கு ஒரு தரம். கொட்டகையில் தினம் இரண்டு ஆட்டம்!

நான் சொல்ல வந்த விஷயத்துக்கு இதுதான் ஆதாரம். கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டூரிங் கொட்டகைகள் டிஜிடல் மெஷின் வந்ததால் சாகவில்லை. அதற்கு முன்பே பெரும்பாலும் மூச்சு நின்றுவிட்டது. 1990-களில் கேபிள் டெலிவிஷன் வந்தது. 2006-க்குப் பிறகு சர்க்காரே வீட்டுக்கு வீடு இலவசக் கலர் டெலிவிஷன் கொடுத்தது. கீற்றுக் கூரையைப் பிரித்துச் செங்கல் சுவர் எழுப்பி நிரந்தரத் தியேட்டராக மாற்றிக்கொண்டவர்கள்தான் தப்பிப் பிழைத்தார்கள். அப்படிப் பிழைத்த குடும்பங்களின் வாசலில் வந்து நின்றது இரண்டாவது சோதனை.

2005-ம் வருஷ வாக்கில் சென்னையைச் சேர்ந்த ரியல் இமேஜ் நிறுவனம் 'க்யூப்' என்ற டிஜிடல் முறையைக் கொட்டகைகளுக்குக் கொண்டுவந்தது. பம்பாயிலிருந்து 'யு.எஃப்.ஓ.' வந்தது. முதலில் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. பிலிம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம் என்று ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் 2012 ஜனவரியில் அமெரிக்காவின் கோடக் கம்பெனி திவால் மனுப் போட்டது. 2013-ல் ஜப்பானின் ஃபூஜி சினிமா பிலிம் தயாரிப்பதையே நிறுத்தியது. அப்புறம் பிலிம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதில் என்ன பிரயோஜனம்? மண்ணெண்ணெய் வராத ஊரில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவில் 'டிரைவ்-இன்' தியேட்டர் என்று ஒன்று உண்டு. ஆகாயத்தின் கீழே பெரிய திரை. காரை நிறுத்திக்கொண்டு காரிலிருந்தபடியே படம் பார்க்கலாம். கார் வைத்திருப்பவர்களின் டூரிங் கொட்டகை என்று வைத்துக்கொள்ளுங்களேன்! 1933 ஜூன் 6-ந் தேதி நியூஜெர்ஸி மாகாணத்தில் ரிச்சர்டு ஹாலிங்ஸ்ஹெட் என்பவர் முதல் டிரைவ்-இன்னைத் திறந்தார். 1950-களின் கடைசியில் அவை நாலாயிரத்துக்கு எட்டின. பிறகு சில நூறாகத் தேய்ந்தன. எஞ்சியவற்றில் பலவும் அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று குடும்பமாக நடத்துபவை. டிஜிடல் மெஷினுக்கு அவர்களிடம் கேட்கப்பட்ட விலை 70,000 டாலருக்கு மேல். டாலருக்கு அறுபது ரூபாய் என்று வைத்தால்கூட 42 லட்ச ரூபாய். வருஷத்தில் கோடைகாலம் மட்டும் வியாபாரம் செய்கிற குடும்பம் அதற்கு எங்கே போகும்? 2013-ல் ஹோண்டா கார் கம்பெனி, ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த சில டிரைவ்-இன்களுக்கு மெஷினை இனாமாகக் கொடுத்தது. மற்றவர்கள் உண்டியல் குலுக்கினார்கள்; கடன் வாங்கினார்கள்; சிலர் மூடினார்கள். நம் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருந்த 'பிரார்த்தனா' டிரைவ்-இன் சிலருக்கு ஞாபகம் வரும். அதுவும் இன்று இல்லை.

தர்மபுரிக் குடும்பத்துக்கு எந்தக் கார் கம்பெனி மெஷின் கொடுக்கும்? ஆகவே நம் நாட்டில் வேறு வழி கண்டுபிடித்தார்கள். மெஷினையும் கம்ப்யூட்டர்ப் பெட்டியையும் டிஜிடல் கம்பெனி ஒப்பந்தத்தின் பேரில் கொடுக்கும். ஒவ்வொரு படத்துக்கும் தயாரிப்பாளர் அந்தக் கம்பெனிக்குக் கட்டணம் கட்டுவார். திரையில் விளம்பரம் காட்டுகிற உரிமையும் பல கொட்டகைகளில் கம்பெனிக்கே போனது. முன்பெல்லாம் இடைவேளையில் உள்ளூர் ஜவுளிக் கடை, நகைக் கடை, சைக்கிள் கடை ஸ்லைடுகள் வருமே! கண்ணாடியில் கையால் எழுதினது. எழுத்துப் பிழைகூட இருக்கும், நாம் சிரிப்போம். அந்த ஸ்லைடு வாடகை வீட்டுச் செலவுக்கு ஆகிக்கொண்டிருந்தது.

படம் வருகிற விதமும் மாறிவிட்டது. முப்பது கிலோப் பெட்டிக்குப் பதிலாக, ஒரு புஸ்தகம் அளவுள்ள ஹார்ட் டிஸ்க் வந்தது. அல்லது ஆகாய மார்க்கமாகச் சாட்டிலைட்டிலிருந்தே படம் இறங்கியது. இரண்டும் பூட்டிய படம். திறப்பதற்குச் சாவி தனியாக வர வேண்டும். இரும்புச் சாவி அல்ல, கம்ப்யூட்டர்ச் சாவி. இந்தக் கொட்டகையில், இந்தப் பெட்டியில், இன்ன தேதி இன்ன மணியிலிருந்து இன்ன தேதி இன்ன மணி வரைக்கும்தான் திறக்கும் என்று அதில் எழுதியிருக்கும். நேரம் கடந்தால் திறக்காது. பக்கத்து ஊர்ச் சாவி இங்கே பொருந்தாது. திருட்டுப் படத்தைத் தடுக்க இப்படி ஒரு ஏற்பாடு வேண்டியதுதான். அதில் தப்புச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த வீட்டு நிலைமையை நினைத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை காலை. வாசலில் கூட்டம். முன்பு பெரியவர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருப்பார். இப்போது கையில் போனை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"என்ன மாமா, பெட்டி வரலையா?" என்கிறாள் மருமகள்.

"பெட்டி நேத்தே வந்தாச்சும்மா. சாவிதான் வரலை. தயாரிப்பாளருக்கும் பைனான்சியருக்கும் ஏதோ பாக்கியாம்."

வீட்டுச் சாவிக் கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வளைய வருகிறவர்களுக்கு இதன் வேதனை புரியும். கட்டடம் நம்முடையது, நாற்காலி நம்முடையது, வரி கட்டுவது நாம். சாவி மாத்திரம் எங்கேயோ!

பழைய மெஷினில் கார்பன் குச்சிகள் இரண்டு உண்டு. அவற்றின் நுனிகளுக்கு இடையே எரிகிற வெளிச்சத்தில்தான் படம். எரிய எரியக் குச்சி தேயும். ஆபரேட்டர் அதைத் திருகித் திருகி நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சற்றே கண்ணயர்ந்தால் திரை மங்கும்; கொட்டகை முழுவதும் விசில் பறக்கும். பிலிம் அறுந்தால் வெட்டி ஒட்டுவான். பல் சக்கரம் தேய்ந்தால் சேலத்து லேத்துப் பட்டறையில் கடைந்துகொண்டு வரலாம். இப்போது கம்ப்யூட்டர்ப் பெட்டியில் ஒரு தகடு போய்விட்டால் கம்பெனியிலிருந்து என்ஜினீயர் வர வேண்டும். தகடு மாறினால் சில சமயம் சாவியையும் மாற்றி அனுப்ப வேண்டும். இருபது வருஷம் மெஷின் ஓட்டினவன் பொத்தானைத் தட்டிவிட்டு வெளியே வந்து டீ குடிக்கிறான். சம்பளத்துக்குப் பெரிய வேலையாள் எதற்கு என்று அப்புறம் அவனையும் அனுப்பிவிடுகிறார்கள்.

டிஜிடலில் நல்லதே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, தாராளமாக உண்டு. ஒரு பிரிண்டுக்கு அரை லட்சத்துக்கு மேல் செலவான காலத்தில், சென்னையிலும் சேலத்திலும் ஓடித் தேய்ந்த பிரிண்டுதான் சின்ன ஊர்களுக்கு வரும். திரையில் ஓயாத மழை! கதாநாயகி கோடை வெயிலில் நின்றாலும் அவள் மேல் கோடு கோடாக மழை பெய்யும். 1992-ல் வந்த 'ரோஜா' படத்துக்காக ஒகேனக்கல் அருவியில் பாட்டு எடுத்தார்களே! அருவி இருப்பது பென்னாகரத்துக்குப் பக்கத்தில். ஆனால் அதைத் திரையில் பார்ப்பதில் முதல் பந்தி பட்டணத்துக்கு. பென்னாகரத்துக்குக் கடைசிப் பந்தி. டிஜிடல் இந்தப் பந்தி வித்தியாசத்தை ஒழித்துவிட்டது. சென்னையில் வெளியாகிற அன்றைக்கே அரூரிலும் அதே சுத்தத்தோடு படம் பார்க்கலாம். இது சின்ன விஷயம் அல்ல.

ஆனால் எல்லா ஊரிலும் ஒரே நாளில் வந்த படம் எல்லா ஊரிலும் ஒரே வாரத்தில் போய்விடுகிறது. முன்பு கொட்டகைக்காரக் குடும்பத்தைக் காப்பாற்றியது பழைய படப் பெட்டி. புதுப் படம் இல்லாத வாரத்தில் எம்.ஜி.ஆர். படமோ சிவாஜி படமோ சொற்ப வாடகைக்குக் கிடைக்கும். போட்டால் கைச்செலவுக்கு வந்துவிடும். பிலிம் மெஷினை எடுத்துவிட்ட பிறகு அந்தப் பெட்டிகளை எதில் மாட்டுவது? பழைய படத்தை டிஜிடலாக்குவது பெரிய வேலை. இரண்டரை மணிப் படத்தில் 2,16,000 தனித்தனிப் படங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கீறலும் அழுக்கும் துடைக்க வேண்டும். 1964-ல் வந்த 'கர்ண'னை அப்படிப் புதுப்பித்து 2012-ல் வெளியிட்டார்கள். சென்னையில் நூறு நாளைத் தாண்டி ஓடியது! ஆனால் அந்தப் பாக்கியம் எத்தனை படங்களுக்குக் கிடைத்தது? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இதற்கிடையில் 2018 மார்ச் 1-ந் தேதி தமிழ்த் தயாரிப்பாளர்கள், டிஜிடல் கம்பெனிக் கட்டணம் அநியாயம் என்று சொல்லிப் புதுப் படங்களை நிறுத்தினார்கள். ஏப்ரல் மூன்றாவது வாரம் வரைக்கும் ஏழு வெள்ளிக்கிழமைகள் வெறுமையாகப் போயின. மெஷினின் விலை தீர்ந்த பிறகும் எத்தனை காலத்துக்குக் கட்டுவது என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் யானைகள் சண்டை போட்டுக்கொண்ட அந்த ஏழு வாரமும் மிதிபட்டது புல்லுதானே? பழைய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டி ஒப்பேற்றலாம் என்றால் மெஷினே இல்லை. பிறகு 2020 மார்ச்சில் கொரோனா வந்து கொட்டகைகளை நவம்பர் வரைக்கும் பூட்டியது. 2021-ல் ஏப்ரலிலிருந்து ஆகஸ்டு வரை மறுபடியும் பூட்டு. வேடிக்கை பாருங்கள்! அதே 2020-ல் அமெரிக்க டிரைவ்-இன்களுக்குத் திடீரென்று யோகம் அடித்தது. அவரவர் காரில் தனித்தனியாக உட்கார்ந்திருப்பதால் ஒட்டுவாரொட்டி பயமில்லை என்று ஜனங்கள் அங்கே போய்க் குவிந்தார்கள். நம் ஊர்க் கொட்டகைக்கு அந்த யோகம் இல்லை.

சின்ன ஊர்க் கொட்டகை மூடினால் யாருக்கு நஷ்டம்? "தர்மபுரியில் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே?" என்று ஆண்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அவர்களுக்கென்ன, மோட்டார் சைக்கிளை முறுக்கினால் போய்விடலாம். பாப்பிரெட்டிப்பட்டியிலோ பாப்பாரப்பட்டியிலோ இருக்கிற ஒரு மருமகள் வேலை முடித்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பஸ் பிடித்துப் போய், சாயங்கால ஆட்டம் பார்த்துவிட்டுக் கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க முடியுமா? முடிந்தாலும் வீட்டில் விடுவார்களா? நடந்து போகிற தூரத்தில் கொட்டகை இருந்தவரையில் சினிமாவுக்குப் போவது அவள் இஷ்டம். பஸ் ஏறிப் போகிற தூரத்துக்கு அது நகர்ந்தால், யாராவது அழைத்துக்கொண்டு போனால்தான் உண்டு. கையடக்கப் போனில் எல்லாப் படமும் வருகிறதே என்பார்கள். வருகிறது, வாஸ்தவம். ஆனால் அதைப் பார்ப்பதற்காக அவள் பக்கத்து வீட்டு அக்காவோடு வாசற்படி தாண்டிப் போவதில்லையே! அடுப்பில் பாலை வைத்துவிட்டு, பாதிப் படத்தில் எழுந்து போய்க்கொண்டுதானே இருக்கிறாள்?

இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களில் யாருடைய ஊரிலாவது அப்படி ஒரு குடும்பம் இன்னும் கொட்டகை நடத்தி வந்தால், முதல் நாள் கூட்டத்தில் போய் இடிபடாதீர்கள். அது எப்படியும் நிறைந்துவிடும். இரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை, மத்தியான ஆட்டத்துக்கு நாலு பேராகச் சேர்ந்து போங்கள். இருபது பேர் வந்திருக்கிற ஆட்டத்துக்கும் கரண்டுச் செலவு ஒன்றுதான்; அன்றைக்கு நீங்கள் வாங்குகிற நாலு டிக்கெட்டுக்கும் முறுக்குப் பொட்டலத்துக்கும் மதிப்பு அதிகம். கழிப்பறை சுத்தமாயில்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள். டிக்கெட் கொடுக்கிற இடத்தில் அந்த வீட்டு அம்மாளே உட்கார்ந்திருந்தால் அவரிடமே சொல்லுங்கள். இந்த விஷயத்தில் பிள்ளைகளைவிட அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

மூடிய கொட்டகைகளில் பல கல்யாண மண்டபங்களாகிவிட்டன, சில கோடவுன்கள். பிலிம் மெஷின்களை இரும்பு விலைக்கு எடை போட்டு வாங்கிப் போனார்கள். அடுத்த முறை அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனால், மண்டபத்தின் தரை மேடையை நோக்கிக் கொஞ்சம் சரிவாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அப்படியே திரும்பிப் பின்பக்கச் சுவரின் உச்சியைப் பாருங்கள். கை அகலத்தில் சின்னச் சின்னச் சதுரங்கள் தெரியும். மெஷினுக்கு ஒன்று, ஆபரேட்டர் எட்டிப் பார்க்க ஒன்று. சிமென்டு வைத்து அடைத்து, மேலே சுண்ணாம்பு அடித்திருப்பார்கள்.